ஒன்பது முதல் ஏழு வரை

எங்கள் இசோனாய் கரையில் கொடி ஏற்றுகிறவன் நான்தான். பதினேழு வருஷமாக இதே வேலை. மீனவர் சங்கத்தில் இதற்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். காலை மூன்றரை மணிக்கு வானத்தையும் காற்றையும் பார்த்து நான் வெள்ளைக் கொடி ஏற்றினால் படகுகள் கடற்பாசி அறுக்கப் போகலாம். ஏற்றாவிட்டால் ஒருத்தரும் துடுப்பைத் தொடக்கூடாது. ஏற்றிய பிறகு மதியம் மூடுபனி இறங்கிக் காயப்போட்ட பாசி வீணானால், "இந்த ஆளுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்பார்கள். ஏற்றாமல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தால் அதற்கும் அதே வசவுதான். ஹொக்கைடோவின் கிழக்குக் கோடி இது. ஜூலை மாதத்தில் அந்நேரத்துக்கே பளிச்சென்று விடிந்திருக்கும், கொடிக்கம்பம் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் தெரியும்.

பக்கத்து வீட்டு கினுயோ மாதத்தில் முதல் சனிக்கிழமை ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவாள்.

"அண்ணே, ஸ்டேஷன் பக்கம் போறீங்களா?"

"போகலேன்னா விடவா போற. வண்டியில ஏத்து. உள்ள என்ன?"

"நம்ம பாசிதான். கொஞ்சம் இனிப்பு அவரை. ரெண்டு ஜோடி காலுறை."

"போன மாசமும் பாசி, இந்த மாசமும் பாசி. அந்த விடுதியில அவனை ஆடு மாதிரி மேய விட்டிருக்காங்களா?"

"அவன் மட்டுமா திங்கிறான். பக்கத்துக் கட்டில் பையனுக்கும் குடுப்பான். அவனுக்குக் குடுக்கிற கை."

பெட்டியை எடை போட்டுச் சீட்டு ஒட்டிய பிறகும் அவள் கையை எடுக்க மாட்டாள். ஸ்டேஷன்காரன் ஒருமுறை, "அம்மா, கையையும் சேர்த்து அனுப்பணும்னா தனிக் கட்டணம்" என்று கேலி பண்ணினான். அவளும் சிரித்தாள். திரும்பி வரும் வழி பூராவும் ஸ்டேஷன் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் மகன் ரியோஹேய்க்குப் பத்து வயது. நாலு மணி நேர ரயில் தூரத்தில், கடலே கண்ணில் படாத உள்நாட்டு ஊர் ஒன்றில், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் இரண்டு வருஷமாக இருந்தான். புத்தாண்டுக்கு ஐந்து நாள், ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களைக் கும்பிடும் ஓபோனுக்கு நாலு நாள் வீட்டுக்கு வருவான். ஒரே பிள்ளை. வந்து போன மறுநாள் கினுயோ அவன் மெத்தையை வெயிலில் போட மாட்டாள். அவன் வாசம் போய்விடுமாம். அதெல்லாம் இல்லை, மெத்தைதான் பூஞ்சை பிடிக்கும் என்று நான் சொன்னதற்கு, "பிடிச்சாப் பிடிக்கட்டும்ணே" என்றாள்.

அவனை அங்கே அனுப்ப வைத்தது ஒரு சோதனை. அந்தச் சோதனைக்கு என் வண்டியில்தான் அவர்களைக் கூட்டிப்போனேன்.

மூன்றாம் வகுப்பில் அவனுடைய வாத்தியார் புகார் எழுதியிருந்தார். பையன் பாடத்தில் தூங்குகிறான், சொன்னதை மறக்கிறான், கரும்பலகையைப் பார்த்தபடியே எங்கோ போய்விடுகிறான் என்று. நகரத்துக் குழந்தைகள் ஆலோசனை நிலையத்துக்கு அழைத்துப்போய் ஞாபகத்தையும் கவனத்தையும் அளந்து பார்க்கச் சொன்னார். ஜூலை பதினாலு, செவ்வாய்க்கிழமை, பத்து மணி என்று தபால் வந்தது.

சின்ன அறை. நடுவில் தடுப்புத் துணி. அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு மனிதர் ஒருவரும் பையனும். இந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகளில் கினுயோவும் நானும். அந்த மனிதர் ஒரே குரலில், நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொன்னார். பையன் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

"ஆறு, ஒன்பது, நாலு, ரெண்டு."

ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு... நாலு..." என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

அடுத்து ஒரு தாள் நிறைய வட்டமும் முக்கோணமும் சதுரமும். கோடு போட்ட வட்டத்தை மட்டும் அடித்துக்கொண்டே போக வேண்டும். நிறுத்துக் கடிகாரத்தின் டிக்டிக் எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பென்சில் கீழே உருண்டது. எட்டிப் பார்த்தால் பையன் நெற்றியைத் தாளில் வைத்திருந்தான். அந்த மனிதர் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. கவனம் வயதுக்கு மூன்று வருஷம் பின்தங்கியிருக்கிறது, ஞாபகம் இரண்டரை வருஷம். சிறப்பு விடுதிப் பள்ளி உகந்தது. பெற்றோர் சம்மதம் வேண்டும்.

கினுயோவின் புருஷன் இவாவோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு அந்தப் பத்தையும் இதற்கே செலவழித்தான். "படிச்சவங்க அளந்து சொல்றாங்க. நாம என்னத்தக் கண்டோம். அவன் நல்லாயிருக்கட்டும்." கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரையை எடுத்துக் குத்தினான். குத்திவிட்டுப் படகுக்கு எண்ணெய் போடப் போனவன் பொழுது சாயும்வரை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கினுயோவுக்கு ஒரு பழக்கம் வந்தது. காயப்போடும் களத்தில் ஈரப் பாசியை ஒவ்வொன்றாக உதறி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் கூழாங்கல் பரப்பில் நீளமாக இழுத்துவிடும்போது வாய் முணுமுணுக்கும். ஆறு, ஒன்பது, நாலு, ரெண்டு. ரெண்டு, நாலு, ஒன்பது, ஆறு. அன்றைக்குத் தடுப்புத் துணிக்குப் பின்னால் கேட்ட அத்தனை எண்களும் அவளுக்கு மனப்பாடம். முன்னாலிருந்தும் சொல்வாள், பின்னாலிருந்தும் சொல்வாள். பக்கத்துக் களத்துக்குக் கூலிக்கு வந்த பெண்கள், "கினுயோ அக்கா, யாரு போன் நம்பரு அது? இவாவோ அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கிண்டலடித்தார்கள். அவள் அடுத்த பாசியை எடுத்தாள். எனக்குத் தெரியும். அவனுக்குப் பதிலாக இவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த ஜூலை முதல் வாரத்தில் மூன்று நாள் விடாத மூடுபனி. கொடி ஏற்றவில்லை. ஊர் முழுக்கக் குறட்டை. மூன்றாவது நாள் காலையில், முகாய் என்று ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். ஆலோசனை நிலையத்துக்குப் புதிதாக வந்தவளாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழைய அறிக்கைகளைத் திரும்பப் பார்க்க வேண்டும், அதற்கு வந்திருந்தாள். வழி தெரியாமல் என் வீட்டுக் கதவைத் தட்டியதால் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

இவாவோ தொட்டியில் இருந்த கடல்முள்ளியை ஓடு உடைத்து, உள்ளே இருந்த மஞ்சள் சதையை எடுத்து வைத்தான். கினுயோ சோயா விழுது கரைத்த மிசோ சூப்பும் சோறும் எடுத்து வந்தாள். முகாய் நன்றாகச் சாப்பிட்டாள், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. சாப்பிட்டபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"வெளிய அவ்வளவு பெரிய இடம் பூராவும் கல்லு பரப்பியிருக்கே, எதுக்குங்க?"

"பாசி காயப்போட" என்றேன். "பனி விலகட்டும், கல்லே தெரியாது."

"எல்லாருமா வேலை செய்வீங்க?"

"நடக்கத் தெரிஞ்ச எல்லாரும்."

அவள் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தாள். பையிலிருந்து பையனின் அறிக்கைக் கோப்பை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

"ஜூலை பதினாலு. பாசி வேலை நடக்கிற காலந்தானே?"

"ஆமா."

"கினுயோ சான்" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். "அன்னிக்கு ரியோஹேய் எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான்னு ஞாபகம் இருக்கா?"

கினுயோ தரையில் விரித்த பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒன்பது மணிக்குப் படுத்தான். ஏழு மணிக்கு எழுந்தான்."

முகாய் கோப்பில் விரல் வைத்துப் படித்தாள். "பையனும் அதையேதான் சொல்லியிருக்கான். ஒன்பது மணிக்குப் படுத்தேன், ஏழு மணிக்கு எழுந்தேன். அட்சரம் பிசகாம."

நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லப்போனால் அந்த அறையில் பெரிய கோழை நான்தான். அன்றைக்குக் கொடி ஏற்றியவன் நான். மூன்று மணிக்கு அந்த வீட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்தவன் நான். முதல் படகு ஆறு மணிக்குச் சுமையோடு வந்தபோது, தன்னைவிட மூன்று மடங்கு நீளமான பாசியை எட்டு வயதுப் பையன் இழுத்துப்போவதை வேடிக்கை பார்த்தவனும் நான்தான். பத்து மணிக்கு அவன் நெற்றி தாளில் சாய்ந்தபோது அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் ஜூலை மாதம் மூன்று மணிக்கு எழுவது மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விட்டேன் என்று யாராவது போய் டாக்டரிடம் சொல்வார்களா?

ஆனால் கினுயோவுக்கு அப்படி இல்லை. அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

முகாய் நிமிர்ந்து பார்க்கவும் கினுயோ தொடர்ந்தாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து சீட்டு அனுப்பியிருந்தாங்க. பள்ளி நாள்ல பிள்ளைங்களைக் களத்துல விடக்கூடாதுன்னு. எல்லார் வீட்டுலயும் விடுறாங்கதான். ஆனா எங்க வீட்டுல அந்த வருஷம் கூலிக்கு ஆள் வைக்க வழியில்ல. அது வெளிய தெரிஞ்சா இவருக்குத்தானே கேவலம். அதான் வண்டியில போகும்போது அவன் காதுல சொன்னேன். யாரு கேட்டாலும் ஒன்பது மணிக்குப் படுத்தேன், ஏழு மணிக்கு எழுந்தேன்னு சொல்லுடா, மறந்துராதன்னு. தூக்கத்தைத்தான் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. நம்மளைப் பிடிக்கத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சேன்."

இவாவோ எழுந்து வெளியே போனான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டே இருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

முகாய் திட்டவில்லை. கோப்பை மூடினாள். "தூக்கம் போதாத பிள்ளையை அளந்திருக்காங்க. அப்ப இது செல்லாது. திரும்ப ஒருதடவை பார்ப்போம். நானே விடுதிக்குப் போய்ப் பார்க்கிறேன்."

"நல்லா வந்தா?" என்றாள் கினுயோ.

"நல்லா வந்தா வீட்டுக்கு வரலாம்."

அந்த ஒரு வாரம் கினுயோ நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கால் தரையில் படவில்லை. மெத்தையை வெயிலில் போட்டாள். புதுப் பென்சில் பெட்டி வாங்கினாள். "இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள என்ன ஆர்ப்பாட்டம்" என்று நான் கேட்டதற்கு, "உங்க வாயைக் கழுவுங்க அண்ணே" என்றாள்.

எட்டாம் நாள் சங்கத்துக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். முகாயின் குரல் இறங்கிப் போயிருந்தது. பதினோரு மணிக்கு வைத்த சோதனையில் பையன் பழையபடியே செய்திருக்கிறான். மூன்று எண்ணுக்கு மேல் பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. வட்டங்களைப் பாதியில் விட்டுவிட்டான். நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்குப் படுத்தேன், ஏழு மணிக்கு எழுந்தேன் என்றானாம்.

களத்துக்குப் போய் இதை நான்தான் சொன்னேன். கினுயோ கையிலிருந்த பாசியைக் கீழே போடவில்லை. ஒழுங்காகக் கல்லில் நீட்டிவிட்டு, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தாள்.

"அப்ப நெசமாவே அவனுக்கு அப்படித்தானா அண்ணே?"

நான் அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன்.

"அப்படியே இருக்கட்டும். இந்தக் கல்லுல பாசி இழுத்துப் போட எத்தனை எண்ணு தெரியணும்? எனக்கு அவன் வேணும். காலையில எழுந்திரிச்சா அந்த மூலையில அவன் தலை தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்." இத்தனை நாளும் அவள் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை.

மறுநாளே திரும்பப் போன் வந்தது. இந்தமுறை முகாய் மூச்சு வாங்கப் பேசினாள். விடுதியில் இரவுக் காவல் பார்க்கும் அம்மாளிடம் சும்மா பேச்சுக் கொடுத்தாளாம். அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள், "அவனா? ஜூலை பிறந்தாப் போதும், மூணு மணிக்கே எழுந்துருவான். போர்வையை மடிச்சு வச்சுட்டு ஜன்னல்கிட்ட உட்கார்ந்துருவான். மைதானத்துல பள்ளிக்கூடக் கொடிக்கம்பம் இருக்கு, அதையே பார்த்துக்கிட்டிருப்பான். படுடான்னா படுத்துக்குவான், கண்ணை மட்டும் மூட மாட்டான். தொந்தரவு ஒண்ணும் குடுக்கிறதில்ல, அதான் நாங்களும் விட்டுட்டோம்."

"அவங்க எட்டு மணிக்குத்தான் கொடி ஏத்துவாங்களாம்" என்றாள் முகாய். "உங்க ஊர்ல கொடி ஏத்துறது நீங்கதானே, வர முடியுமா? கினுயோ சானோட நீங்களும் வரணும்."

இரண்டு கோடை. நாலு மணி நேரத் தூரத்தில், ஒருபோதும் நேரத்துக்கு ஏறாத கொடிக்காக அந்தப் பிள்ளை விழித்திருந்திருக்கிறான். போனை வைத்த பிறகு நான் சங்கத்துப் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அன்றைக்கே ரயில் ஏறினோம். சாயங்காலம் விடுதியில் இறங்கியபோது ரியோஹேய் படிக்கட்டில் நின்றிருந்தான். வளர்ந்திருந்தான், கால்சட்டை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். முகம் மாறியது.

"கொடி மாமா, நீங்க ஏன் வந்தீங்க? நாளைக்குக் காலையில யாரு பார்ப்பா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. நான் இங்க இருக்கேன்ல. நாளைக்குக் கொடி கிடையாது."

"நெசமாவா?"

"நான் ஏத்தாம அது தானா ஏறுமா?"

உண்மையில் சங்கத்துப் பையன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பொய் சொல்வதில் கினுயோவுக்கு நான் ஒன்றும் இளைத்தவன் இல்லை.

விருந்தினர் அறையில் மூன்று மெத்தை போட்டார்கள். அவன் நடுவில். "கொடி கிடையாது" என்று தனக்குத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு திரும்பிப் படுத்தான். மறுநாள் ஏழு அடித்தது, எட்டு அடித்தது, மைதானத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். அவன் அசையவில்லை. காலையுணவு ஆறிப்போயிற்று. கினுயோ பக்கத்தில் மண்டியிட்டு, ஈ வராமல் விசிறிக்கொண்டே இருந்தாள். பத்தரை மணிக்குக் கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா" என்றான். மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டான்.

மதியம் ஒரு மணிக்கு முகாய் புது எண்களும் புதுத் தாள்களுமாக அவனை உட்காரவைத்தாள். கதவைப் பாதி திறந்து வைத்திருந்தாள். நாங்கள் நடைகூடத்தில் இருந்தோம்.

"அஞ்சு, ஒண்ணு, எட்டு, மூணு, ஏழு."

"ஏழு, மூணு, எட்டு, ஒண்ணு, அஞ்சு."

கினுயோ என் கையைப் பிடித்தாள். பாசி இழுத்த கை, எலும்பு நொறுங்கிவிடும்போல இருந்தது. வட்டங்களை அவன் அடிக்கும் பென்சில் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. கடைசி வரை நிற்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து முகாய் வெளியே வந்தாள். "வயசுக்கு என்ன வேணுமோ அது இருக்கு. ஞாபகம் கொஞ்சம் கூடவே இருக்கு. செப்டம்பர்லயிருந்து உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போகலாம்னு எழுதிருவேன். மேல இருக்கறவங்களும் மறுக்க மாட்டாங்க."

கினுயோ குனிந்து வணங்கினாள். நிமிரும்போது கேட்டாள், "அப்ப இந்த ரெண்டு வருஷம்?"

முகாய், கினுயோ குனிந்ததைவிட ஆழமாகக் குனிந்தாள், ரொம்ப நேரம் நிமிரவில்லை.

ரியோஹேய் உள்ளே மேசையருகே இருந்தான். கினுயோ போய் அவன் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"ரியோ, அன்னிக்கு வண்டியில வரும்போது அம்மா உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். அது தப்பு. அதனாலதான் நீ இங்க வரவேண்டியதாப் போச்சு. அம்மா மேலதான் தப்பு."

அவன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை. அவள் அழுவதைப் பார்த்துச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்.

"நான் மறக்கலம்மா. ஒன்பது மணிக்குப் படுத்தேன், ஏழு மணிக்கு எழுந்தேன். கோட்டுப் போட்டவர் கேட்டப்ப எண்ணெல்லாம் மறந்து போச்சு, இதை மட்டும் சரியாச் சொன்னேன். இங்க டாக்டர் கேட்டப்பவும் சொன்னேன். மாசாமாசம் கேப்பாங்க. எல்லா மாசமும் அதையேதான் சொன்னேன். ஒருதடவைகூடத் தப்பாச் சொல்லல."

கினுயோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் வாசலில் நின்ற முகாயை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து, அம்மாவின் காதில், ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"இனிமே நெசத்தைச் சொல்லலாமாம்மா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் எழுந்து, வகுப்பில் பதில் சொல்ல நிற்பது மாதிரி கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு முகாயைப் பார்த்து நின்றான்.

"மூணு மணிக்கு" என்றான். "அன்னிக்கும் மூணு மணிக்குத்தான் எழுந்தேன்."